ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் செயல்பாடுகள்: புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

பணி ஆணையை வாங்கிக்கொண்டு நடுநிலைப் பள்ளிக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே 'ஆக்டிவிட்டி' என்ற சொல் காதில் விழ ஆரம்பித்துவிடும். தலைமையாசிரியர் சொல்வார். குறுவள மையத்தில், அதாவது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களெல்லாம் கூடும் இடத்தில், நடக்கும் பயிற்சியில் சொல்வார்கள். பார்வைக்கு வரும் அலுவலர் கேட்பார். ஆனால் எதை, எப்படி, எத்தனை நிமிடத்தில் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் 6 முதல் 8 வரை பாடம் எடுக்க வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கையில் பொருளைக் கொடுத்து எதையாவது செய்யச் சொன்னால் அது செயல்பாடு ஆகிவிடாது. செய்வதற்கு முன்னால் 'என்ன நடக்கும்?' என்று அவர்கள் ஊகித்துச் சொல்ல வேண்டும். செய்து முடித்தபின் 'ஏன் அப்படி நடந்தது?' என்று பேசி, எழுத வேண்டும். நடுவில் இருக்கும் கலகலப்புதான் எல்லோர் கண்ணிலும் படுகிறது, போட்டோவிலும் அதுதான் வருகிறது. பாடம் மனத்தில் இறங்குவது பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும்தான். நேரம் போதவில்லை என்றால் நடுப்பகுதியைக் குறையுங்கள். ஊகத்தையும் எழுத்தையும் குறைக்காதீர்கள்.

முதல் வாரம்: யாருக்கு வாசிக்க வருகிறது?

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை வாசிப்பார்கள் என்று நினைத்துத் திட்டம் போட்டால் இரண்டாம் நாளே அது கவிழ்ந்துவிடும். பள்ளி நூலகத்திலிருந்து இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவராக உங்கள் மேசைக்கு அழைத்து நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். மெதுவாக, பக்கத்துப் பிள்ளைக்குக் கேட்காத குரலில். கணக்குக்கு ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் போதும். 2025-26இல் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்கு 'திறன்' திட்டம் வந்ததே இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

வாசிக்கத் திணறும் பிள்ளைகளின் பெயரை உங்கள் குறிப்பேட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'மெல்லக் கற்போர்' என்று பெயரிட்டு ஒரு பெஞ்சில் தனியாக உட்கார வைப்பதைப் பல பள்ளிகளில் இன்றும் பார்க்கலாம். அந்த பெஞ்சுக்குப் போன பிள்ளை அங்கிருந்து திரும்பி வருவது அபூர்வம்.

குழு பிரிப்பது

கல்வி உரிமைச் சட்டம் மேல்தொடக்க வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று சொல்கிறது. உங்கள் வகுப்பில் அதே 35 பேர் இருந்தால் ஐந்தைந்து பேராக ஏழு குழு. பத்துப் பேர் மட்டும் இருக்கும் கிராமத்து வகுப்பு என்றால் மூன்று குழு போதும். ஆறு பேருக்கு மேல் ஒரு குழுவில் போட்டால் இரண்டு பேர் வேடிக்கை பார்க்கத்தான் செய்வார்கள்.

'உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்' என்று சொல்லாதீர்கள். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே குழுவாகிவிடுவார்கள். அது எந்தத் தெரு, ஏன் அப்படி என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். வரிசை எண்ணை வைத்தோ, ஒன்று முதல் ஏழு வரை எண்ணச் சொல்லியோ நீங்களே பிரித்துவிடுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம்.

ஒவ்வொரு குழுவிலும் நாலு வேலை: பொருள் வாங்கி வந்து திருப்பித் தருபவர், நேரம் பார்ப்பவர், எழுதுபவர், வகுப்புக்கு முன்னால் வந்து சொல்பவர். மற்றவர்கள் செய்துபார்ப்பவர்கள். அடுத்த தடவை வேலைகள் கட்டாயம் மாற வேண்டும். விட்டுவிட்டால் கையெழுத்து அழகாக இருக்கும் பெண் பிள்ளைகள் வருடம் முழுவதும் எழுதிக்கொண்டே இருப்பார்கள், பையன்கள் கருவியை விடவே மாட்டார்கள். முடிந்தபின் குப்பை கூட்டும் வேலையும் இந்தச் சுழற்சியில் வரட்டும்.

பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முதல் நாளே 'நாளைக்கு மூன்றாவது பீரியட் கொஞ்சம் சத்தம் வரும் சார்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வகுப்பை அமைதிப்படுத்த ஒரு சைகையையும் பழக்கிவிடுங்கள். நீங்கள் கையைத் தூக்கினால் பார்க்கிற பிள்ளையும் கையைத் தூக்கி வாயை மூடிக்கொள்ள வேண்டும். மேசையைத் தட்டுவதைவிட இது சீக்கிரம் வேலை செய்யும்.

ஒரு முழுப் பாடவேளை: ஊசல்

எல்லாவற்றையும் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு செயல்பாட்டை முதலிலிருந்து கடைசி வரை சொல்கிறேன். ஆறாம் வகுப்பு அறிவியலில் 'விசையும் இயக்கமும்' பாடத்தில் அலைவு இயக்கம் வருகிறது. அதற்கு ஊசலைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. செலவும் கிட்டத்தட்ட இல்லை.

தேவையானவை: சணல் நூல் அல்லது முறுக்கு நூல், சைக்கிள் கடையில் கிடைக்கும் இரும்பு நட்டுகள், ஸ்கேல், நொடி முள் உள்ள சுவர்க் கடிகாரம். கடிகாரம் இல்லாவிட்டால் உங்கள் செல்போன். நூலை முதல் நாள் மாலையே வெட்டி, நட்டைக் கட்டித் தயாராக வைத்துவிடுங்கள். வகுப்பில் வைத்து வெட்ட ஆரம்பித்தால் பாதி பீரியட் அதிலேயே போய்விடும்.

முதல் 5 நிமிடம், கேள்வி. ஒரு நட்டுக் கட்டிய ஊசலையும் இரண்டு நட்டுக் கட்டிய ஊசலையும் தூக்கிக் காட்டுங்கள். 'இரண்டுக்கும் நூல் ஒரே நீளம். எது வேகமாக ஆடும்?' கனமானதுதான் என்று பெரும்பாலானோர் சொல்வார்கள். லேசானது என்று சிலர், சமம் என்று ஒன்றிரண்டு பேர். ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை பேர் என்று கரும்பலகையில் எழுதுங்கள். யார் சரி என்று முகத்தில்கூடக் காட்டாதீர்கள். தன் ஊகம் பலகையில் ஏறிவிட்டால் பிள்ளைக்கு விடை தெரிந்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிடும்.

அடுத்த 5 நிமிடம், ஏற்பாடு. நூலின் நீளத்தைக் கட்டிய இடத்திலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும். பிள்ளைகள் முடிச்சு வரைக்கும்தான் அளப்பார்கள். 25 செ.மீ., 50 செ.மீ. ஊசல்களை பெஞ்சு விளிம்பில் கட்டலாம். 100 செ.மீ. ஊசல் தரையில் இடிக்கும், அதை ஜன்னல் கம்பியில் கட்டச் சொல்லுங்கள். இரண்டாவது நட்டை முதல் நட்டுக்குக் கீழே தொங்கவிடக் கூடாது, பக்கத்திலேயே சேர்த்துக் கட்ட வேண்டும். கீழே தொங்கினால் ஊசலின் நீளம் கூடிவிடும், பிறகு கணக்கு குழம்பும்.

அடுத்த 12 நிமிடம், செய்தல். நட்டை நாலு விரல் அகலம் பக்கவாட்டில் இழுத்து விட வேண்டும், தள்ளக் கூடாது. போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு. பத்து அலைவுக்கு எத்தனை நொடி என்று மூன்று தடவை பார்த்து எழுத வேண்டும். நூலை விடும்போது 'சுழியம்' என்று சொல்லி, திரும்பி வரும்போது 'ஒன்று' என்று சொல்லிப் பழக்குங்கள். விடும்போதே 'ஒன்று' என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். அப்படி எண்ணினால் ஒன்பது அலைவுதான் கணக்கில் வரும்.

25 செ.மீ. ஊசலுக்குப் பத்து அலைவுக்கு ஏறக்குறைய 10 நொடி வரும். 50 செ.மீ.க்கு 14 நொடிக்குப் பக்கத்தில். 100 செ.மீ.க்கு 20 நொடி. ஒரு குழு 25 செ.மீ. ஊசலுக்கு 9 நொடி என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அவர்கள் எண்ணியது ஒன்பது அலைவு. 'தப்பு' என்று சொல்லாதீர்கள். 'எங்கிருந்து எண்ண ஆரம்பித்தீர்கள்? ஒரு தடவை செய்து காட்டுங்கள்' என்று கேளுங்கள். அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்த 10 நிமிடம், பேச்சு. எல்லாக் குழுவின் எண்களையும் பலகையில் ஒரு பட்டியலாக எழுதுங்கள். ஒரு நட்டுக்கும் இரண்டு நட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் வந்திருக்கும். வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். சிலர் 'எங்கள் கடிகாரம் சரியில்லை' என்பார்கள். நல்லது, இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்கள். பிறகு நீளத்துக்கு வாருங்கள். 25 செ.மீ.லிருந்து 50 செ.மீ. ஆனபோது நேரம் இரட்டிப்பாகவில்லையே, எப்போது இரட்டிப்பானது? நீளம் நாலு மடங்கானபோது. சூத்திரம் ஆறாம் வகுப்புக்குத் தேவையில்லை, இந்த ஒரு வியப்பே போதும். எட்டாம் வகுப்பு என்றால் வர்க்கமூலத்தோடு கொஞ்சம் இணைத்துக் காட்டலாம்.

கடைசி 8 நிமிடம், எழுத்து. நோட்டில் நாலே வரி: நான் என்ன நினைத்தேன், என்ன செய்தோம், என்ன வந்தது, இப்போது என்ன நினைக்கிறேன். பலகையில் நீங்கள் எழுதிப்போட்டு அதைப் பார்த்து எழுதச் சொன்னால் மொத்த உழைப்பும் வீண். எழுத வராத பிள்ளை படம் வரைந்து எண்களைக் குறிக்கட்டும், வரியை உங்களிடம் வாயால் சொல்லட்டும். பிழை இருந்தால் இருக்கட்டும், நாலு வரி சொந்தமாக எழுதியதே பெரிய விஷயம்.

ஊசல் வேண்டாம் என்றால் வேறு எதை வேண்டுமானாலும் எடுங்கள். 5, 5, 12, 10, 8 என்ற இந்தப் பங்கீடு பெரும்பாலான செயல்பாடுகளுக்குச் சரியாக வரும்.

கணக்கு வகுப்பில்

வளையலும் நூலும் வைத்து வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுக்கும் செயல்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகளுக்கு 3.0 முதல் 3.3 வரை விதவிதமாக வரும். பட்டையான வளையல் என்றால் சுற்றளவை வெளிப்பக்கமும் விட்டத்தை உள்பக்கமும் அளந்து வைப்பார்கள், விடை பெரிதாகிவிடும். 'ஏன் எல்லோருக்கும் ஒரே எண் வரவில்லை?' என்ற கேள்விக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். அளவிடுவதில் பிழை வரும் என்பதைப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பின்னங்களில் ½ + ⅓ = ⅖ என்று எழுதுவது ஏழாம் வகுப்பு வரைக்கும் தொடரும். 'தப்பு, மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடு' என்று சொன்னால் அன்றைக்குத் திருந்தும், அடுத்த வாரம் திரும்பிவிடும். அதற்குப் பதில், '⅖ பாதியைவிடப் பெரியதா, சின்னதா?' என்று கேளுங்கள். சின்னது. 'பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா?' இப்போது பிள்ளை தலையைச் சொறியும். பழைய நோட்டுத் தாளை நீளவாக்கில் இரண்டாகவும் அகலவாக்கில் மூன்றாகவும் மடிக்கச் சொல்லுங்கள். ஆறு கட்டம் வரும். பாதி என்பது மூன்று கட்டம், மூன்றில் ஒரு பங்கு என்பது இரண்டு கட்டம், ஆக ஐந்து கட்டம். மீ.சி.ம. எதற்கு என்பது அதற்குப் பிறகுதான் புரியும்.

சமூக அறிவியல், தமிழ்

ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி பற்றிய பாடம் இருக்கிறது. அதை வாசித்துக் கேள்வி பதில் எழுதி முடித்துவிடுவது பெரிய இழப்பு. வகுப்பிலேயே ஒரு கிராம சபைக் கூட்டம் நடத்துங்கள். ஒருவர் ஊராட்சித் தலைவர், சிலர் வார்டு உறுப்பினர்கள், ஒருவர் ஊராட்சிச் செயலர், மீதி எல்லோரும் ஊர் மக்கள். உண்மையான பிரச்சினையாக மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்: தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பள்ளிக்கு வரும் வழியில் தேங்கும் தண்ணீர். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். எதற்கு முதலில் என்ற வாதம் தானாகவே சூடாகும். கடைசியில் தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் வகுப்புக் கூட்டத்தை அக்டோபர் 2க்கு முந்தைய வாரத்தில் வைத்துக்கொண்டால், பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களோடு உண்மையான கூட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வாக்களிக்க வயதில்லை, வேடிக்கை பார்க்கத் தடையில்லை.

தமிழ் வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது நேர்காணல். வீட்டில் உள்ள பாட்டி, தாத்தா அல்லது தெருவில் தொழில் செய்பவர் ஒருவரிடம் கேட்க ஆறு கேள்வி எழுதச் சொல்லுங்கள். 'ஆம், இல்லை' என்று பதில் வரும் கேள்விகளை வகுப்பிலேயே கழித்துவிடுங்கள். 'நீங்க மீன் பிடிப்பீங்களா?' என்பது வீண். 'வலை கிழிஞ்சா என்ன பண்ணுவீங்க?' என்பது கேள்வி. திரும்பி வரும்போது பாடநூலில் இல்லாத இருபது சொற்களாவது வரும். மன வரைபடம் பற்றியும், அதாவது நடுவில் தலைப்பை எழுதித் தொடர்புள்ளவற்றைக் கிளைகளாக வரைவது பற்றியும், ஒன்று சொல்ல வேண்டும். இந்த வகுப்புகளில் முன்பு நடைமுறைக்கு வந்த படைப்பாற்றல் கல்வி முறை (ஏ.எல்.எம்.) வழியாக அது நம் பள்ளிகளில் பரவியது. மூத்த ஆசிரியர்களிடம் கேட்டால் அதன் படிநிலைகளை வரிசையாகச் சொல்வார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனியாக வரைந்து, பிறகு குழுவில் ஒப்பிட்டால் அது அருமையான கருவி. ஆசிரியர் பலகையில் வரைந்ததை முப்பத்தைந்து நோட்டிலும் ஏற்றினால் அது வெறும் ஓவிய வகுப்பு.

வெளியே போவது

மைதானத்துக்கு அழைத்துப்போவதற்கு முன் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். என்ன பார்க்க வேண்டும் என்ற ஒரே கேள்வியோடு போங்கள். 'இயற்கையைக் கவனியுங்கள்' என்று அனுப்பினால் நெல்லிக்காய் பறித்துக்கொண்டு வருவார்கள்.

ஒரு நல்ல கேள்வி: நண்பகல் 12 மணிக்கு நிழல் இருக்காது என்கிறார்களே, உண்மையா? கொடிக்கம்பம் வேண்டாம், ஒரு அடி நீளக் குச்சியைத் தரையில் செங்குத்தாக நட்டு, நூலில் கல் கட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 11.50 முதல் 12.40 வரை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் கூழாங்கல் வைக்க வேண்டும். நிழல் மிகக் குட்டையாவது 12 மணிக்கு அல்ல, பெரும்பாலான மாதங்களில் அதற்குக் கொஞ்சம் பின்னால். நம் கடிகாரம் காட்டுவது நாடு முழுவதற்குமான பொது நேரம். அது கணக்கிடப்படும் தீர்க்கரேகை தமிழ்நாட்டுக்குக் கிழக்கே இருப்பதால் சூரியன் நமக்கு உச்சிக்கு வரத் தாமதமாகிறது. நிழல் முழுவதும் மறைவது ஆண்டில் இரண்டே நாள்தான், ஊருக்கு ஊர் தேதி மாறும். ஏப்ரலில் ஒரு தடவை வரும், அது தேர்வுக் காலம். இரண்டாவது தடவை பள்ளி நாட்களில் வரும்: சென்னைக்கு ஆகஸ்ட் மூன்றாம் வாரம், மதுரைக்கு ஆகஸ்ட் கடைசி வாரம், கன்னியாகுமரிக்கு ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறக்கும் நேரம். மேகம் மறைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான், முந்தைய நாளும் அடுத்த நாளும் செய்துபாருங்கள், கிட்டத்தட்ட அதே விடை கிடைக்கும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லுங்கள்.

பாதுகாப்பு பற்றி வேறு சில: மின்சுற்றுப் பாடத்துக்கு டார்ச் செல் மட்டும், சுவர் பிளக் பக்கம் போகவே கூடாது. நெருப்பு வேண்டிய சோதனையை நீங்கள் செய்து காட்டுங்கள். பாதரச வெப்பமானி பழைய அலமாரியில் இருந்தால் அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கருத்தாளர் வரும் நாள், மதிப்பெண்

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வகுப்புகளுக்காக 2022 நவம்பர் 28 அன்று வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. அதன் கருத்தாளர், அதாவது சோதனைகளைச் செய்துகாட்ட வருபவர், எளிய அறிவியல், கணிதச் சோதனைப் பொருள்களோடு பள்ளிக்கு வருவார். அந்த நேரத்தில் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேடு எழுதலாம் என்று தோன்றும். போகாதீர்கள். வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். அவர் வேறு பள்ளிக்குப் போய்விடுவார், கேள்விகளோடு மறுநாள் வகுப்பில் நிற்கப்போவது நீங்கள்தான். நூலகத்தில் 'தேன்சிட்டு', 'துளிர்' இதழ்கள் கிடந்தால் அவற்றிலும் அடுத்த வாரத்துக்கான சரக்கு இருக்கும்.

2012-13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில் வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே பார்ப்பது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவக் கடைசித் தேர்வு) 60 என்று பிரித்தார்கள். வளரறியில் பாதி செயல்பாடுகளுக்கு. பருவக் கடைசியில் உட்கார்ந்து எல்லோருக்கும் 18, 19 என்று நிரப்புவது எளிது, பல இடங்களில் நடப்பதும் அதுதான். அதைத் தவிர்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு செயல்பாட்டிலும் ஒரு குழுவை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். ஊகம் சொன்னாரா, அளவை மறுபடி சரிபார்த்தாரா, அடுத்தவர் சொன்னதைக் கேட்டாரா, நாலு வரி சொந்தமாக எழுதினாரா என்று பெயருக்கு நேரே ஒரு குறி. வாரத்துக்கு ஒரு செயல்பாடு என்றால் ஏழு வாரத்தில் வகுப்பு முழுவதையும் பார்த்து முடித்துவிடலாம், பருவத் தேர்வுக்கு முன்னால் விடுபட்டவர்களுக்கும் சில வாரம் மிச்சம் இருக்கும். சார்ட்டில் படம் ஒட்டி வந்ததற்கு மதிப்பெண் போடாதீர்கள். அதை வரைந்தது பெரும்பாலும் அக்காவோ, ஸ்டேஷனரிக் கடைக்காரரோதான்.